"சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன் டாக்டர், அப்பா நடக்கவே மாட்டேன் என்கிறார்!"

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 9.2. நடக்கச் சொன்னாலே கோபம் வருகிறது. அவர் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் ஒரு வாரம் அறிவுரையை நிறுத்துங்கள். "நடங்கப்பா, கால் போயிடும்" என்று நீங்கள் சொன்னதும் "முட்டி வலிக்குது", "எங்க நேரம்?" என்று அவர் பதில் சொல்கிறார். நடக்காததற்கான காரணங்களைத் தன் வாயாலேயே சொல்லச் சொல்ல, அந்த முடிவு அவருக்குள் இறுகிவிடுகிறது. மாறுவதற்கான காரணமும் அவர் வாயிலிருந்தேதான் வர வேண்டும். குடிநோயாளிகளின் சிகிச்சைக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய வழிமுறையின் சாரம் இதுதான்.

அவர் நிதானமாக இருக்கும்போது, "ஒண்ணு கேட்கலாமாப்பா?" என்று அனுமதி கேளுங்கள். "சர்க்கரையைக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை மார்க்?" நாலு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏன் நாலுதானா?" என்று கேட்டால் சாக்குகள்தான் வரும். "ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்களே, ஏன்ப்பா?" என்று கேளுங்கள். "ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கிறேன், தூக்கமே இல்ல" என்பது போல ஏதாவது வரும். "தூக்கம் கெட்டா பகலெல்லாம் அசதியா இருக்கும், இல்லப்பா?" என்று அவர் சொன்னதையே தொட்டுச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கஷ்டமான இடம் இதுதான். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தால் எல்லாம் கெட்டது.

அடுத்து, தினமும் நடக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு மார்க் கேளுங்கள். முக்கியத்துவம் 8, நம்பிக்கை 3 என்றால் அவருக்கு மனம் இருக்கிறது, இலக்குதான் பெரிது. 45 நிமிடம் வேண்டாம். ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனை வரை 10 நிமிடம் போதும். நம்பிக்கை 7-ஐத் தொடும்வரை இலக்கைக் குறையுங்கள்.

ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு. அவ்வளவு நாள் பலன் தெரியாவிட்டால் யாருக்கும் ஆர்வம் நிலைக்காது. ஆகவே வீட்டிலேயே பாருங்கள்: ஒரு நாள் வழக்கமான இரவு உணவு, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டர். மறுநாள் அதே சாப்பாடு, அதே அளவு, கூடவே நடை, அதே நேரத்தில் சோதனை. இரண்டு எண்ணையும் அவரே காலண்டரில் எழுதட்டும். ஒரே நாளில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மூன்று நான்கு நாள் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு சாப்பிடுபவர் சோற்றையும் குறைத்து நடக்கவும் ஆரம்பித்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் உடனே மருத்துவமனை.

9.2 என்பது பெரும்பாலும் நடையால் மட்டும் இறங்கிவிடும் அளவல்ல. மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காலண்டரையும் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். பிடித்த விஷயங்களில்கூட இரண்டு வாரமாக நாட்டமில்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகம். வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.