அட்டவணையில் 4 செ.மீ., அப்பாவின் ஈரலில் எவ்வளவு?

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலில் 2.5 செ.மீ. கட்டி. புற்றுநோய்தான். மைக்ரோவேவ் ஊசி செருகிச் சூட்டிலேயே அழித்துவிடலாம் என்கிறார் டாக்டர். அந்தக் கருவியின் கையேட்டில், 5 நிமிடத்தில் 4 × 3 செ.மீ. அளவு வெந்துவிடும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். கட்டியை ஒட்டி ஒரு பெரிய சிரை ஓடுகிறதாம். அந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் எதில் அளந்தார்கள் என்று அதன் அடிக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் வெட்டி எடுத்த மாட்டு ஈரலிலோ பன்றி ஈரலிலோ அளந்திருப்பார்கள். அதில் ரத்தம் ஓடாது. உங்கள் அப்பாவின் ஈரலில் ஓடுகிறது. வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

உடலுக்குள் வெப்பம் பரவுவதைக் கணக்கிட இன்றும் நாங்கள் எடுப்பது ஹாரி பென்னஸ் 1948-இல் எழுதிய சமன்பாட்டைத்தான். ஊசி தரும் சூடு, திசு வழியே பரவும் சூடு, ரத்தம் அள்ளிக்கொண்டு போகும் சூடு என்று அதில் முக்கியமாக மூன்று பகுதிகள். ஈரலில் ஒரு கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மி.லி. ரத்தம் பாய்கிறது. இதைச் சமன்பாட்டில் போட்டால், ரத்தம் ஓடும் திசுவில் சூடு தானாகக் கடத்தப்பட்டுப் போகும் தூரம் சுமார் 3 மி.மீ.தான், அதற்குள் பெரும்பகுதியை ரத்தம் கொண்டுபோய்விடுகிறது. வெட்டிய ஈரலிலோ அதே 5 நிமிடத்தில் சூடு ஏறக்குறைய ஒரு செ.மீ. வரை ஊர்ந்துவிடும். மைக்ரோவேவ் அலை ஊசியைச் சுற்றியுள்ள திசுவை நேரடியாகவே சுடவைப்பதால் இந்த இழப்பு, அதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு வகையான ரேடியோ அலை ஊசியைவிடக் குறைவு. சிரைக்குப் பக்கத்தில் மைக்ரோவேவைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு.

எவ்வளவு சூடு போதும்? 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையான நேரம் பாதியாகிறது. இது சபரெட்டோ, டூயி இருவரும் 1984-இல் முன்வைத்த கணக்கு. 43 டிகிரியில் 240 நிமிடம் என்பதைத் திசு சாகும் எல்லையாகப் பலரும் எடுப்பார்கள். 50 டிகிரியில் அதற்கு 2 நிமிடம் போதும், 55-இல் 4 விநாடிகூட வேண்டாம். ஆகவே ஊசியின் அருகே கவலையே இல்லை. விளிம்பில் 44, 45 டிகிரியோடு நின்றுபோகும் இடம்தான் ஆபத்து. பெரிய சிரையை ஒட்டிய பக்கம் அப்படித்தான் இருக்கும். 3 மி.மீ.க்கு மேல் தடிமனான குழாய் என்றால் அந்தப் பக்கம் வேகும் பகுதி உள்வாங்கிவிடலாம். பென்னஸ் சமன்பாடு ரத்தத்தைத் திசு முழுக்கச் சீராகத் தூவிவிடுவதால் இப்படி உள்வாங்குவது அதில் தானாகத் தெரியாது. ஸ்கேனைப் பார்த்து அந்தச் சிரையைத் தனியாக வரைந்து சேர்த்தால்தான் தெரியும். பல திட்டமிடும் மென்பொருள்கள் ஸ்கேன் மேல் காட்டும் அழகான முட்டை வடிவம், அதே அட்டவணை எண்ணை வரைந்ததுதான்.

அப்புறம், 4 × 3 என்பதில் நீங்கள் பார்க்க வேண்டியது 3. கட்டியைச் சுற்றிக் குறைந்தது 5 மி.மீ. நல்ல திசுவும் வேக வேண்டும் என்பது வழக்கம். அப்படியென்றால் 2.5 செ.மீ. கட்டிக்கு எந்தத் திசையில் அளந்தாலும் மொத்தம் 3.5 செ.மீ. வேக வேண்டும். குறுக்கே 3 என்றால், ரத்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கும் முன்பே பக்கத்துக்கு 2.5 மி.மீ.தான் மிஞ்சுகிறது. ஊசிக்குக் கொடுக்கும் சக்தியை, அதாவது வாட்டைக் கூட்டலாமே என்று தோன்றும். பித்தநாளம் அருகில் இருந்தால் அதுவும் வெந்துபோகும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் இந்தச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், போதும். அட்டவணை உயிருள்ள ஈரலில் எடுத்ததா? சிரைப் பக்கம் கட்டிக்கு வெளியே எத்தனை மி.மீ. நல்ல திசு வேகும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அது கிடைக்காவிட்டால் ஊசியை இன்னொரு இடத்தில் செருகி மறுபடி சுடுவீர்களா? சிகிச்சை முடிந்ததும் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனில் வெந்த பகுதியைப் பழைய ஸ்கேனோடு பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். முன்கூட்டிப் போட்ட எந்தக் கணக்கையும்விட நான் அந்த அளவைத்தான் நம்புவேன்.