நரி கடித்தால்... (வாசகர் கேள்வி – பதில்)

கே: சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து பட்டப்பகலில் வந்த நரி, கிடையில் இரண்டு ஆடுகளைக் கடித்துவிட்டது. விரட்டப் போனவர் கையிலும் பல் பட்டு ரத்தம் வந்தது. நரிக்கு வெறிநோய் (ரேபிஸ்) எங்கிருந்து வருகிறது? கீரிக்கும் பரவுமா?

ப: நம் நாட்டில் பெரும்பாலும் நாயிடமிருந்துதான். மீன் கழிவு கொட்டும் இடத்துக்கு நாயும் வரும், நரியும் வரும். சண்டையில் எச்சில் வழியே கிருமி ஏறிவிடும். கீரி, காட்டுப்பூனை எதற்கும் வரலாம். ஆனால் ஒரு விலங்குக்குத் தொற்றுவது வேறு, அந்த இனத்துக்குள்ளேயே அது நிலைத்துவிடுவது வேறு. ஆடு யாரையும் துரத்திக் கடிப்பதில்லை, ஆகவே நோய் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கீரியை லேசாக எண்ணாதீர்கள். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 19-ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோன நம் நாட்டுச் சிறு கீரிதான் இன்று புவேர்ட்டோ ரிக்கோவில் வெறிநோயைச் சுமந்து திரிகிறது.

கடிபட்டவர் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் கூடவே கூடாது, புண்தான் பெரிதாகும். கடித்த நாயை 10 நாள் கட்டிவைத்துப் பார்க்கிற கணக்கு நரிக்குச் செல்லாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடுவார்கள்: குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு, மனிதச் சீரம் என்றால் 20. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்தால் இதனால் பயனில்லை. அதற்குள் உடம்பே எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். முதல் ஊசி நாள்தான் 0. கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள்.

ஆடுகளுக்கும் கையுறை போட்டுக்கொண்டு அதே மாதிரி காயத்தைக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் 0, 3, 7, 14, 28 என ஊசி போடுங்கள். தனியே கட்டுங்கள். அறுத்து விற்கவோ தின்னவோ வேண்டாம். எச்சில் ஒழுகுவதும் குரல் கம்மிக் கத்துவதும் வெறிநோயின் அறிகுறிகள்; அப்படிப்பட்ட ஆட்டுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கே: தென்னாப்பிரிக்காவில் கடல்நாய்களுக்கு (சீல்) வெறிநோயாமே! நம் கடற்பசுவுக்கும் வருமா? (மண்டபம் வாசகர்)

ப: 2024-இல் அங்கே உறுதியானது; கரையோர நரியிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்பது சந்தேகம். கடல்நாய்கள் கூட்டமாகக் கரையேறிக் கிடக்கும், ஒன்றையொன்று கடிக்கும். பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் கடற்பசு கரைக்கே வருவதில்லை, கடித்துச் சண்டை போடுகிற பிராணியும் அல்ல. அதற்கு வலையும் படகும்தான் எமன்.