எதிர்க்கடை விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை நடத்துகிறேன். கிலோவுக்கு அடக்கம் 300 ரூபாய், விற்பது 400. தினமும் 30 கிலோ போகும். எதிரே புதிதாக வந்த கடையில் 360 ரூபாய். நானும் இறங்கட்டுமா?

பதில்: இறங்காதீர்கள். இன்று கிலோவுக்கு 100 ரூபாய் வீதம் தினம் 3,000 ரூபாய் நிற்கிறது. 360-க்கு விற்றால் 60 ரூபாய்தான் மிஞ்சும். அதே 3,000-ஐப் பார்க்க 50 கிலோ ஓட வேண்டும். அவ்வளவு போட அடுப்பும் ஆளும் இருக்கிறதா? விலையைத் தொடாமல், வியாபாரம் 20 கிலோவாகச் சரிந்தாலும் 2,000 ரூபாய் கைக்கு வரும். 360-இல் அந்த 2,000-க்கே 33 கிலோவுக்கு மேல் விற்றாக வேண்டும்.

அடுத்து, அவருடைய 360 எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பாருங்கள். பலர் இதை விசாரிப்பதே இல்லை. திறப்புச் சலுகை என்றால் நெடுநாள் தாங்காது. மலிவான பாமாயிலில் பொரிக்கிறாரா என்பதை அறிய, அவருடைய பாக்கெட் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் படியுங்கள்; சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆதாரமில்லாமல் அவர் எண்ணெயைக் குறை சொல்லித் திரியாதீர்கள். தோட்டத்திலேயே குலைகளை மொத்தமாகப் பேசி எடுக்கிறார் என்றால் மட்டும் கவலைப்படுங்கள். அவருடைய அடக்கமே குறைவு. விலைப் போட்டியில் அவரை வெல்ல முடியாது.

அப்போது வேறு களத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், கேரளத்தோடு சேர்ந்திருந்த மண் இது. கல்யாண இலையில் ஏத்தங்காய் உப்பேரியும் (சிப்ஸ்தான்) வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை உப்பேரியும் விழாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். பெண்ணைப் பெற்றவர் 40 ரூபாயைப் பார்ப்பதில்லை. காறல் வாடை இல்லாமல், சொன்ன காலையில் மண்டபத்துக்குச் சரக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். வளைகுடாவுக்குத் திரும்புகிறவரும் அப்படித்தான். பெட்டியில் நொறுங்காத கட்டுக்குக் கூடுதலாகவே தருவார்.

இவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால், பஸ் ஏறும் அவசரத்தில் நூறு கிராம் வாங்குகிறவரை எதிர்க்கடைக்கு விட்டுவிட மனம் வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். வியூகத்தில் பாதி அதுதான். பயத்தில் மிக்சர், முறுக்கு, பலா சிப்ஸ் என்று அடுக்கிக் கைமுதலை முடக்காதீர்கள்.

மண்டபச் சமையல்காரர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஆவணி முகூர்த்த ஆர்டர்களை ஆடியிலேயே உறுதி செய்து, அதற்கான காயையும் விவசாயியிடம் விலை பேசி வையுங்கள். ஓணம் நெருங்கிவிட்டால் கேரளத் தேவை கூடி, காய் விலை ஏறிவிடும்.