பால்வினைத் தொற்று பற்றிய வெட்கத்தைப் பொதுச் சுகாதாரத் திட்டங்களால் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் "வெட்கப்படாதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் மட்டும் போதாது, பரிசோதனை நடக்கும் விதமே மாற வேண்டும்.

"பால்வினை நோய்ப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டிய அறை வாசலில் நிற்க யாருக்கு மனசு வரும்? அதே பரிசோதனையை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற இடத்திலேயே வருகிறவர்களுக்கெல்லாம் வழக்கமாகச் செய்தால், "என்னை மட்டும் ஏன்?" என்ற கேள்வியே எழாது. கர்ப்பிணிகளுக்கான சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை பல நாடுகளில் இப்படித்தான் சகஜமானது. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றைக் கண்டறியப் பல நேரம் சிறுநீர் மாதிரியே போதும். இது தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

எண்களும் உதவும். குணப்படுத்தக்கூடிய நான்கு தொற்றுகள் மட்டுமே 2020-ல் உலகெங்கும் சுமார் 37.4 கோடி முறை புதிதாக ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பலருக்கு அறிகுறியே இருக்காது. இதில் ஒழுக்கத்தை எங்கே தேடுவது?

பயமுறுத்தும் விழிப்புணர்வுப் படங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. அவை நோயாளியை ஒளியத்தான் வைக்கும். மாறாக, தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவாது என்ற செய்தி, பரிசோதனைக்கு வரவே ஒரு காரணம் தருகிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, பதிவு மேசையில் இருப்பவர் "எதுக்கு வந்தீங்க?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டால், வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார். பயிற்சியை அந்த மேசையிலிருந்து தொடங்கலாம்.