பெயர் மாறிய டிரில்லை நம்பி வாங்கலாமா?

மின்கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, முப்பது வருடங்களாகப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் அப்பா தச்சர். இருபது வருடங்களுக்கு முன்னால் அவர் வாங்கிய ஹிட்டாச்சி டிரில் இன்றைக்கும் ஓடுகிறது. கார்பன் (மோட்டாரில் உரசி மின்சாரம் கொடுக்கும் தேய்கிற கட்டை) மட்டும் நாலைந்து தடவை மாற்றியிருக்கிறோம். இப்போது நான் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். புதிதாக ஒரு டிரில்லும், காங்கிரீட்டில் துளை போட ஒரு மிஷினும் வேண்டும். கடையில் கேட்டால், "ஹிட்டாச்சி இப்போது வருவதில்லை, ஹைகோக்கிதான்" என்கிறார்கள். கம்பெனியையே விற்றுவிட்டார்கள், பழைய தரம் போய்விட்டது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அதையே வாங்கலாமா, வேறு கம்பெனிக்குப் போகலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய பெயரே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹிட்டாச்சி கோக்கி என்பது 1948-இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம். 2017-இல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. ஹிட்டாச்சி குழுமத்தை விட்டு வெளியே வந்தபின் அந்தக் குடும்பப் பெயரோடு தொடரவில்லை. 2018-இல் கோக்கி ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கருவிகளுக்கு ஹைகோக்கி என்று பெயர் வைத்தார்கள். வட அமெரிக்காவில் அதே கருவிகள் மெட்டாபோ எச்பிடி என்ற பெயரில் விற்கின்றன. பல மாடல்களுக்கு எண்கூட மாறவில்லை. உங்களுக்கு இது நல்ல சேதி. பழைய மிஷினின் பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எண்ணும் புதிதின் எண்ணும் ஒன்றாக இருந்தால், கார்பனும், மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சரும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

கை மாறினாலே தரம் போய்விடும் என்பதும் சரியில்லை. டிவால்ட் என்ற கருவிக் கம்பெனியை பிளாக் அண்ட் டெக்கர் என்ற இன்னொரு கருவிக் கம்பெனி 1960-இல் வாங்கியது. தொழில் செய்பவர்களுக்கான கருவிகள் என்று அந்தப் பெயரை 1992-இல் புதிதாகக் கொண்டு வந்தது விற்றவர்கள் அல்ல, வாங்கியவர்கள்தான். மில்வாக்கி 1924-இல் தொடங்கிய கம்பெனி. ஹாங்காங்கின் டிடிஐ நிறுவனம் 2005-இல் அதை வாங்கியது. இன்றைக்கு பேட்டரிக் கருவிகளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பெயர் அது. முதலாளி யார் என்பதை விட, அந்த முதலாளி எந்த மிஷினில் காசைப் போட்டான், எந்த மிஷினில் மிச்சம் பிடித்தான் என்பதுதான் நமக்கு முக்கியம். அதை வெளியிலிருந்து சொல்ல முடியாது, கழற்றிப் பார்க்க வேண்டும்.

போன மாதம் உங்கள் அப்பாவுடையது போலவே ஒரு பழைய டிரில் என் மேசைக்கு வந்தது. கியர் பெட்டியைத் திறந்தால் கிரீஸ் தார் மாதிரி கறுத்துக் கெட்டியாகியிருந்தது. அதைத் துடைத்து எடுத்தேன். உள்ளே கியர் பற்கள் முனை மழுங்காமல் இருந்தன. ஆர்மேச்சரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கார்பன் உரசும் செம்புப் பகுதி முழுக்க ஒரே சீரான பழுப்பு நிறம். நல்ல மோட்டாருக்கு அதுதான் அடையாளம். எங்கேயாவது ஒரு பட்டை மட்டும் கருகியிருந்தால் அந்த இடத்தில் காயில் போய்விட்டது என்று அர்த்தம். கம்பிச் சுற்றான வைண்டிங்கில் வார்னிஷ் நிறம்கூட மாறவில்லை. பேரிங்கை மட்டும் விரலில் மாட்டிச் சுழற்றியபோது மணல் அரைபடுவது போல் ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரிங், புது கிரீஸ், ஒரு ஜோடி கார்பன். அவ்வளவுதான் செலவு. இன்னும் பத்து வருடம் ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்பு நானே ஒரு பிரபலமான பெயரை நம்பி (எது என்று இங்கே வேண்டாம்) சின்ன டிரில் ஒன்று வாங்கினேன். ஒரு கதவுச் சட்டத்தில் ஏழெட்டுத் துளை போடுவதற்குள் பிடியே சுட்டது. கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ், அதாவது உருளும் குண்டுகள் இல்லாத சாதா வளையம். கார்பனை மாற்ற வெளியே மூடி கிடையாது, மொத்தக் கூட்டையும் பிரிக்க வேண்டும். ஆர்மேச்சர் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தேன், கிடைக்காது என்றார்கள். அதே கம்பெனியின் பெரிய டிரில்லை எத்தனையோ பேருக்குப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அது நல்ல மிஷின். பெயர் ஒன்று, மிஷின் இரண்டு. வீட்டில் மாதம் ஒரு ஆணி மாட்டுகிறவருக்காகச் செய்ததை நான் தொழிலுக்கு வாங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, ஏனென்றால் பெட்டியின் மேல் அதைத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

பாஷ் இந்த விஷயத்தில் நேர்மையாக ஒரு அடையாளம் வைத்திருக்கிறது. பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழிலுக்கு. எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்திருந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வராது.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, "இந்த மாடலுக்கு ஸ்பேர் பாகங்களின் படம் இருக்கிறதா?" என்பதுதான். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண் போட்டிருக்கும் படம். அதில் ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயில், சுவிட்ச் எல்லாம் தனித்தனி எண்ணோடு இருந்து, அவை உங்களுக்குக் கிடைக்கவும் செய்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அந்த மிஷினை வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயரானாலும் வேண்டாம். அப்புறம், மோட்டாரின் இரண்டு பக்கமும் கார்பனுக்கு வெளி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கப் பிடிப்பான சக்கில் நேரான நீளமான பிட் (துளை போடும் கம்பி) ஒன்றை மாட்டி ஓட விடுங்கள். முனை ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். சின்ன வட்டம் போட்டால் முதலில் பிட் வளைந்திருக்கிறதா என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் வட்டம் போட்டால் அந்த மிஷின் மரவேலைக்கு உதவாது.

காங்கிரீட் மிஷினில் பலர் ஏமாறுவது வேறு இடத்தில். சாதாரண டிரில்லிலேயே சுத்தியல் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி அதிர்வைத் தரும். செங்கல்லுக்கு அது போதும். காங்கிரீட்டில் உடம்பையே சாய்த்து அழுத்த வேண்டியிருக்கும், தோள்தான் போகும். ரோட்டரி ஹேமர் வேறு வகை. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளே இருக்கும் ஒரு கட்டையைத் தள்ள, அது பிட்டின் பின்னால் அடிக்கிறது. நீங்கள் நேராகப் பிடித்தால் போதும். உங்களுக்கு இதுதான் வேண்டும். பிட் மாட்டும் முறையில் எஸ்டிஎஸ் பிளஸ் என்ற வகை பாருங்கள். பாஷ் 1975-இல் கொண்டு வந்தது, பிட்டின் தண்டு 10 மில்லிமீட்டர். இன்று எல்லாக் கம்பெனிக்கும் அதுவே பொது, யாருடைய பிட்டும் யாருடைய மிஷினிலும் ஏறும். அதில் பிட் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்படி நகர்ந்தால்தான் அடி விழும்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்கள் நம்பும் பெயருக்குத்தான் போலி வரும். கம்பெனி அறிவித்த எடையை விட மிஷின் கணிசமாக லேசாக இருந்தாலோ, பெயர்த்தகட்டில் எழுத்து மங்கலாகவோ வரிசை எண் இல்லாமலோ இருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

அப்பாவின் டிரில்லை விற்றுவிடாதீர்கள். பேரிங்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இதே பிராண்டில் பேட்டரி டிரில் வாங்க நினைக்கிறேன். ஒரு கம்பெனி 18 வோல்ட், இன்னொன்று 20 வோல்ட் என்கிறது. 20-தானே பலம் அதிகம்?

பதில்: இல்லை, இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைப் பெருக்கினால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறிய நிமிடத்தில் 20-ஐத் தொடும். அந்த உச்சத்தைப் பெட்டியில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே வோல்ட்டில் ஒப்பிட வேண்டியது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 18 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72 வாட் ஹவர். ஒரு சார்ஜில் எவ்வளவு வேலை என்பதை அந்த எண் சொல்லும்.

பேட்டரி விஷயத்தில் பிராண்ட் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வயர் மிஷினைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறு கம்பெனிக்குப் போகலாம். பேட்டரியில் அப்படி முடியாது. பேட்டரி செருகும் வாய் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. முதல் டிரில்லை வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகும் ரம்பத்தையும் கிரைண்டரையும் சேர்த்துத் தீர்மானிக்கிறீர்கள். ஹைகோக்கியின் மல்டி வோல்ட் பேட்டரி 36 வோல்ட் மிஷினிலும் ஓடும், தள்ளிச் செருகும் வகை 18 வோல்ட் மிஷினிலும் ஓடும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குச்சி மாதிரி பிடிக்குள் நுழையும் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி மிஷினுக்கு இது ஆகாது.

கேள்வி: புதிது எதுவும் வேண்டாம், அதே பழைய பெயரில் கைமாறி வரும் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா? ஓட விட்டால் பின்பக்கத் துளையில் பொறி தெரிகிறது.

பதில்: என்ன மாதிரிப் பொறி என்பதைப் பொறுத்தது. கார்பனுக்கு அடியில் மட்டும் சின்னதாக நீலமாகத் தெரிந்தால் வழக்கமானதுதான். செம்பைச் சுற்றி வளையம் மாதிரி நெருப்பு ஓடினால் உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தம் குறைந்திருக்கலாம், ஆர்மேச்சரே போயிருக்கலாம். விற்பவரிடம் சொல்லிப் புது கார்பன் போட்டு, சுமை இல்லாமல் பத்து நிமிடம் ஓட விட்டு, கார்பன் செம்பில் நன்றாகப் படிந்ததும் மறுபடி பாருங்கள். வளையம் போய்விட்டால் வாங்கலாம். போகவில்லை என்றால் ஆர்மேச்சர் விலையை முதலில் விசாரியுங்கள். விற்பவர் கேட்கும் விலையோடு அதையும் சேர்த்து, புது மிஷினின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.