மலையில் டாக்டர் தங்க வேண்டுமென்றால் மேற்படிப்புப் பணம் எங்கே போக வேண்டும்?

கேள்வி: கிராமங்களில் டாக்டர் பற்றாக்குறையைக் குறைக்க அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்கே அரசு பணம் கொடுக்கிறதாமே? நீலகிரி மாதிரி இடங்களுக்கு அது உதவுமா?

உதவும். ஆனால் அந்தப் பணம் எந்த ஊரில் செலவாகிறது என்பதைப் பொறுத்துத்தான்.

நான் டாக்டர் இல்லை. நீலகிரியில் பந்தலூர் தாலுகாவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பா அம்மா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இந்தப் பக்கத்திலேயே 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். இதுவரை பதினொரு டாக்டர்களை வரவேற்று, ஒன்பது பேரை வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

ஏன் போய்விடுகிறார்கள் என்று கேட்டால் மழை, குளிர், யானை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கூடவே நின்று பார்த்தவள் சொல்கிறேன், எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் பயம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் நிற்கிற பயம்.

ஒரு ஜூலை மாதம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு பெண், இரண்டாவது பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அப்போதிருந்த டாக்டர் சார் எம்.பி.பி.எஸ். முடித்து எங்களிடம் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இதை அவர் பார்க்காமல் இல்லை. ஆனால் அங்கே அவருக்கு முன்னால் மேற்படிப்பு படிக்கிற ஒரு பி.ஜி. டாக்டர் இருப்பார், அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர் இருப்பார், மேல் மாடியில் ரத்த வங்கி இருக்கும். இங்கே அவரும் நானும் ஆயாம்மாவும் மட்டும். கர்ப்பப்பை சுருங்க ஆக்ஸிடோசின் போட்டோம், இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினோம், கர்ப்பப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தோம். 108 வந்ததும் அவரும் ஏறிக்கொண்டார். தேவாலா தாண்டி கூடலூர் போய்ச் சேரும்வரை, அந்த மழையில், வளைவுக்கு வளைவு வண்டி சாய, கையை எடுக்காமல் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

விடியற்காலை வண்டிப் படியில் உட்கார்ந்து, "சிஸ்டர், நீங்க லீவுல இருந்தப்ப இது வந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக நிற்க அவருக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை.

அப்புறம் வந்த ஒரு டாக்டரம்மா வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். அங்கே திருச்சபை பரிந்துரையில் சேருகிறவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருஷமும் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தாராம். இந்த டாக்டரம்மா எங்களிடம் நான்கு வருஷம் இருந்தார். இங்கே அது பெரிய விஷயம்.

சரி, அரசு எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. முதுநிலைப் படிப்பில் மாநில இடங்களில் பாதி அரசு டாக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. எட்டாத, கடினமான பகுதியில் வேலை பார்த்தால் வருஷத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் என்று விதியும் உண்டு. இதனால் டாக்டர்கள் மலை ஏறி வருகிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் குவார்ட்டர்ஸில் நீட் பி.ஜி. புத்தகத்தோடு உட்கார்ந்து, சீட் கிடைத்ததும் ரேடியாலஜியோ தோல் மருத்துவமோ படிக்கச் சென்னைக்கோ மதுரைக்கோ போய்விடுவார்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்கள் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்ட அமெரிக்கா விஷயம். அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 1965-லிருந்தே மேற்படிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறது. பெரும்பகுதி பெரிய நகர மருத்துவமனைகளுக்குத்தான் போனது. 1997-ல் எத்தனை இடத்துக்குப் பணம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பிறகு 2010 சட்டத்தில் ஒரு புது வழி வந்தது: சமூக நலக் கிளினிக்கிலேயே வைத்து டாக்டர்களைப் பழக்க, அந்தக் கிளினிக்குக்கே பணம். ஒரு பயிற்சி டாக்டருக்கு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தார்கள். பயிற்சி மூன்று வருஷம், நிதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்தார்கள் என்பது அங்கேயும் பெரிய தலைவலியாக இருந்தது. ஆனாலும் அடிப்படைக் கணக்கு சரி. அந்த நாட்டில் மேற்படிப்பு முடிக்கிற டாக்டர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், பயிற்சி எடுத்த மாநிலத்திலேயே வேலை பார்க்கிறார்கள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் மூன்று வருஷம் ஒரு ஊரில் இருந்தால் அங்கே கல்யாணம் நடக்கும், சிநேகிதம் வரும், நோயாளிகளின் பெயர் மனதில் பதியும்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே எடுத்து அங்கேயே நர்ஸ் வேலைக்குப் பழக்கியது. சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோயின் வலியில் துடித்து வரும் பணியர் பழங்குடி வீட்டுப் பையனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊட்டியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். நல்ல காரியம். ஆனால் ஊட்டி வேறு, பந்தலூர் வேறு. கூடலூரிலிருந்தே ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏறிப் போக வேண்டும். எங்கள் ஜனங்கள் பலர் கேரளாவில் இருக்கிற சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும்தான் ஓடுகிறார்கள். அதே கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் எம்.டி. குடும்ப மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரசவம், பாம்புக்கடி, குழந்தைக்குக் காய்ச்சல், சர்க்கரை, மனநலம் என்று வாசலில் வருகிற எல்லாவற்றையும் பார்க்கிற படிப்பு அது. மலைக்கு அதுதான் வேண்டும்.

இப்போது முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்று மாதத்தில் எங்கள் பக்கத்துப் பாடிகளுக்கு, அதாவது ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கு, வழி தெரிவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

பணம் ஒதுக்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், கூடலூரில் குடும்ப மருத்துவத்துக்கு வருஷத்துக்கு இரண்டே இரண்டு இடம் தொடங்குங்கள் என்பேன். மூன்று வருஷத்தில் ஆறு பேர் ஆகிவிடுவார்கள். வாரத்தில் சில நாள் எங்களைப் போன்ற நிலையங்களில் இருக்கட்டும். பயிற்சி டாக்டர்களின் உதவித்தொகை செலவில் ஒரு பகுதிதான். இங்கேயே குடியிருந்து கற்றுக்கொடுக்க இரண்டு சீனியர் வேண்டும், அவர்களுக்கு இங்கே வந்ததால் பதவி உயர்வு தள்ளிப்போகக் கூடாது. ராத்திரி போன் செய்தால் எடுக்கிற ஒரு மகப்பேறு டாக்டர் வேண்டும். அப்புறம் குவார்ட்டர்ஸ். எங்கள் நிலையத்து குவார்ட்டர்ஸில் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது, இப்போதிருக்கும் டாக்டரம்மா கட்டிலை ஹாலில் போட்டுப் படுக்கிறார். ஜூன் மழை தொடங்கும் முன் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.