பேய்வீட்டுத் தொழில் கண்காட்சிக்கு எந்த ஊர்? கேள்வி பதில்

அமெரிக்காவில் அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் விழாப் பருவத்தில் பேய்வீடு (பணம் கட்டி உள்ளே போய்ப் பயந்து மகிழும் கேளிக்கை இடம்) நடத்துபவர்களும், அவர்களுக்கு முகமூடி, அசையும் பொம்மை, புகை இயந்திரம், ஒலி ஒளிச் சாதனம் ஆகியவற்றை விற்பவர்களும் ஆண்டுக்கொரு முறை கூடும் வணிகக் கண்காட்சியை எந்த நகரத்தில் வைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கண்காட்சி அமைப்பாளர்கள் பக்கம் நின்று பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஊரைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது கூடத்தின் பரப்பளவா, வாடகையா?

இரண்டும் இல்லை. வரப்போகிறவர் யார், எதில் ஏறி வருவார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேய்வீடு நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆண்டில் ஆறேழு வாரங்கள் மட்டும் கதவு திறக்கிற சிறு முதலாளிகள். கணவன், மனைவி, ஒப்பனை செய்பவர், மின்வேலை பார்ப்பவர் என்று நான்கைந்து பேராக ஒரே வேனில் வருவார்கள். திரும்பும்போது வாங்கிய எலும்புக்கூட்டை அதே வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். விமானத்தில் வரவேண்டிய ஊராக இருந்தால் ஐந்து பேரில் ஒருவர்தான் வருவார், அவரும் கையில் எதையும் வாங்கிப் போக மாட்டார். ஆகவே வரைபடத்தை விரித்து, ஒரு நாள் கார் பயணத்துக்குள் எத்தனை பேய்வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கூடத்தின் பரப்பளவைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசூரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகரத்தில் இந்தக் கண்காட்சி இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அதுதான் காரணமா?

பெரும்பகுதி அதுதான். 44, 55, 64, 70 ஆகிய நான்கு நெடுஞ்சாலைகள் அந்த ஊரில் சந்திக்கின்றன. சிகாகோ, இண்டியானாபோலிஸ், கன்சாஸ் சிட்டி, மெம்பிஸ், நாஷ்வில் எல்லாமே ஏறத்தாழ 240 முதல் 310 மைலுக்குள் அடங்கிவிடும். பேய்வீடுகள் மலிந்த ஒஹாயோவிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். சரக்கு வண்டிக்கும் இதே கணக்குதான். அமெரிக்க விதிப்படி லாரி ஓட்டுநர் ஓய்வெடுக்காமல் ஒரு பணிநாளில் 11 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. அதைத் தாண்டும் ஒவ்வொரு தூரத்துக்கும் கூடுதலாக ஒரு நாள் கூலி ஏறும்.

அமெரிக்காஸ் சென்டர் என்ற அந்த ஊர்க் கண்காட்சி மையத்தில் சுமார் ஐந்து லட்சம் சதுர அடி ஒரே தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இந்தத் தொழிலுக்கு அது சரியான அளவு. சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் 26 லட்சம் சதுர அடி; அங்கே நாம் ஒரு மூலையில் இருப்போம், நமக்கு அடுத்த கூடத்தில் பல் மருத்துவர்கள் மாநாடு நடக்கும். சிறிய ஊரில் நாம்தான் அந்த வாரத்தின் பெரிய விருந்தாளி, நகராட்சி அலுவலகம் முதல் உணவகம் வரை நமக்குக் காது கொடுப்பார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கும் தொல்லையில்லை, விமான நிலையத்திலிருந்து மையத்தின் அருகிலேயே இறக்கிவிடும் நகர ரயில் 1994 முதல் ஓடுகிறது.

கேள்வி: லாஸ் வேகாஸில் ஒன்றரை லட்சம் ஹோட்டல் அறைகள் இருக்கின்றன. ஆர்லாண்டோவில் கேளிக்கைப் பூங்காக்கள் குவிந்திருக்கின்றன. இவற்றை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

ஒதுக்கவில்லை, நமக்குப் பொருந்தவில்லை என்கிறேன். லாஸ் வேகாஸில் வார நாட்களில் அறை மலிவு, வெள்ளி சனிக்கிழமைகளில் விலை தாவிக் குதிக்கும். நம்முடைய ஆட்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கண்காட்சி வியாழன் தொடங்கி ஞாயிறு வரை இருந்தாக வேண்டும், அதாவது அந்த ஊர் மிக அதிக விலை கேட்கிற நாட்களிலேயே நாம் போய் இறங்குவோம். அலுவலகப் பயணிகளை நம்பியிருக்கிற நடுநாட்டு நகரங்களின் மையப் பகுதி இதற்கு நேர்மாறானது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே ஹோட்டல்கள் காலியாகும், நாம் பேரம் பேசலாம். அறை வாடகைக்கு மேல் வேகாஸ் ஹோட்டல்கள் தனியாக வாங்கும் ரிசார்ட் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

ஆர்லாண்டோவுக்கு ஒரு நியாயம் உண்டு. கேளிக்கைப் பூங்காத் துறையின் பெரிய கண்காட்சியான ஐஏஏபிஏ அங்கேதான் நவம்பரில் நடக்கிறது. பெரிய பூங்காக்களுக்கு விற்பவர்கள் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் நம் கண்காட்சி நடக்கும் மார்ச்சில் அந்த ஊரை வசந்த விடுமுறைக் குடும்பங்கள் நிறைத்திருக்கும். பூங்காக்களின் பேய் இரவுகள் இலையுதிர் காலத்துக்கு உரியவை என்பதால் நாம் போகும்போது பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

கேள்வி: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சேலம் நகரம் எப்படி? சூனியக்காரிகள் வழக்கு நடந்த ஊர் என்பதே பாதி விளம்பரம் ஆகிவிடாதா?

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. 1692-இல் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டதும், ஒருவரைக் கல்லேற்றி நசுக்கியதும் அந்த ஊரின் வரலாறு. அக்டோபரில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். நூற்றுக்கணக்கான ஸ்டால்களைத் தாங்கும் கூடமும் இல்லை, 53 அடி டிரெய்லரைத் திருப்புவதற்கான தெருவும் இல்லை. தவிர, வாங்குபவர் ஊரின் மனநிலைக்காக வருவதில்லை. வாழ்நாள் முழுக்கத் திகிலைத் தயாரிக்கிறவருக்கு இன்னொரு பேய்க்கதை கேட்பதில் என்ன புதுமை? மனநிலைதான் வேண்டுமென்றால் செயின்ட் லூயிஸிலும் அது உண்டு. 1949-இல் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டிய புகழ்பெற்ற சடங்கின் இறுதிக்கட்டம் நடந்தது அந்த ஊரின் மருத்துவமனை ஒன்றில்தான். அதை நினைத்து அங்கே ஸ்டால் எடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் அசையும் பொம்மைகள் செய்கிறேன். என் ஸ்டாலை நான்கு பக்கமும் மூடி, மேலே கூரையும் போட்டு, உள்ளே இருட்டாக்கிப் புகை விட்டால்தான் சரக்கின் அருமை தெரியும். சில ஊர்களில் அனுமதி மறுக்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

இது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பேய்வீடு என்றாலே தீயணைப்பு அதிகாரி நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க்கோட்டை தீப்பிடித்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய அந்தக் கோட்டையில் நீர்தெளிப்பான்கள் இல்லை. இருட்டு, வளைந்து போகும் வழி, அலறல் ஒலி என்று நம் தொழிலின் மூலதனமாக இருப்பவையே தப்பி ஓடுபவருக்கு எமனாகும் என்பதை அந்த விபத்து காட்டியது. இன்றைய பாதுகாப்பு விதிகள் இத்தகைய கட்டடங்களுக்கு நீர்தெளிப்பான் வேண்டும் என்கின்றன. புகையை உணரும் கருவி இயங்கியதும் விளக்குகள் தாமாக எரிய வேண்டும், குழப்பும் ஒலிகள் தாமாக நிற்க வேண்டும் என்றும் கேட்கின்றன.

கண்காட்சிக் கூடத்துக்குள் இதே அச்சம் வேறு வடிவில் வரும். கூடத்தின் உச்சியிலுள்ள நீர்தெளிப்பான்கள் தரையில் இருக்கும் எல்லாவற்றையும் நனைக்கும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டவை. நீங்கள் ஸ்டாலுக்குக் கூரை போட்ட கணத்தில் அந்தக் கணக்கு பொய்யாகிவிடுகிறது. அதனால்தான் என்எஃப்பிஏ 101 என்ற உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, 300 சதுர அடிக்கு மேற்பட்ட கூரையுள்ள ஸ்டாலுக்குத் தனியாகத் தீயணைப்பு அமைப்பு கேட்கிறது. பத்துக்குப் பத்து ஸ்டால்கள் மூன்றைச் சேர்த்து எடுத்தால் சரியாக 300. நான்காவதை எடுத்து முழுவதும் மூடினால் வம்பு தொடங்கும். துணிகளுக்குத் தீத்தடுப்புச் சான்றிதழ் கேட்பார்கள். காட்சிக்கு வைக்கும் பழைய சவ ஊர்தியின் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வார்கள், எரிபொருள் தொட்டியைக் கால்பங்குக்கு மேல் நிரப்ப விட மாட்டார்கள்.

விதியின் எழுத்து பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும், அதைப் படிக்கிற அதிகாரி ஊருக்கு ஊர் மாறுகிறார் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, வலைத்துணியால் கூரை போடுங்கள், தண்ணீர் இறங்கும், இருட்டும் கிடைக்கும் என்று வழி சொல்வார். இன்னொருவர் புகை என்ற சொல்லைக் கேட்டதுமே கோப்பை மூடிவிடுவார். ஊர் பெயரைச் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன்: ஒரு முறை எல்லா அனுமதியும் வாய்மொழியாகக் கிடைத்துவிட்டது என்று நம்பிப் போய் இறங்கினோம். முதல் நாள் காலையில் கூடத்தின் புகை உணர்விகள் அலறின. இரண்டு மணி நேரம் எல்லாரும் வெளியே நின்றோம். அதன் பிறகு மூன்று நாட்களும் ஒரு புகை இயந்திரமும் ஓடவில்லை. அன்று தொட்டு, புகை இயந்திரம் ஓடும்போது உணர்விகளை யார் மாற்றியமைப்பார், காவலுக்கு நிற்கும் தீயணைப்பு வீரருக்கு மணிக்கணக்கில் யார் பணம் தருவார் என்பதை எழுத்தில் வாங்காமல் நான் எந்த ஊரையும் பரிந்துரைத்ததில்லை.

கேள்வி: சிகாகோ என்றதும் எல்லாரும் செலவு என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஒரு காலத்தில் மோசம்தான். பிளாஸ்டிக் துறையின் பெரிய கண்காட்சி பல பத்தாண்டுகள் நடந்த சிகாகோவை விட்டு 2012-இல் ஆர்லாண்டோவுக்குப் போனது. செலவும் தொழிலாளர் விதிகளும் அதற்குப் பெரிய காரணம். அந்த முடிவு முன்கூட்டியே தெரிந்து அதிர்ந்துபோன, சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநில அரசு 2010-லேயே சட்டம் கொண்டுவந்து, ஸ்டால் எடுப்பவர் தன் வேலைகளில் சிலவற்றைத் தானே செய்துகொள்ள வழிவிட்டது.

ஆனால் நம் விற்பனையாளரை நசுக்குவது வேறொன்று. லாரியிலிருந்து ஸ்டால் வரை பொருளைக் கொண்டுவந்து, காலிப் பெட்டிகளை எடுத்துவைத்து, திரும்ப ஏற்றிவிடுவதற்கான டிரேயேஜ் கட்டணம் எந்த ஊரிலும் உண்டு, அது எடைக்கணக்கில் வசூலிக்கப்படுகிறது. 100 பவுண்டுக்கு 120 டாலர் என்று வைத்துக்கொண்டால் 3,000 பவுண்டு சரக்குக்கு 3,600 டாலர். சில ஸ்டால்களின் வாடகையே அவ்வளவு இருக்காது. பெட்டியில் அடங்காமல் போர்வை சுற்றி வரும் பொருளுக்கு மேற்கட்டணம் வேறு. பதினோரு அடி உயர அரக்கனை எந்தப் பெட்டியில் அடக்குவது? சொந்த வண்டியில் வந்து தாமே இறக்கிக்கொள்ள எவ்வளவு தூரம் அனுமதி, தள்ளுவண்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் நகரத்தின் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஹோட்டல் அறைகளை மொத்தமாகப் பிடித்துக்கொடுத்தால் கூடத்தின் வாடகையைக் குறைப்பதாக ஒரு நகரத்தின் சுற்றுலா அமைப்பு சொல்கிறது. நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லுங்கள். 1,000 அறை இரவுகளுக்கு (ஓர் அறையில் ஓர் இரவு என்பது ஒன்று) கையெழுத்திட்டு, ஒப்பந்தம் 80 விழுக்காட்டை உறுதி கேட்டால், 800 உங்கள் பொறுப்பு. 650 மட்டுமே நிரம்பினால், ஓர் இரவு 150 டாலர் என்ற கணக்கில் மீதி 150 இரவுகளுக்கு 22,500 டாலர் உங்கள் பையிலிருந்து போகும். நம் ஆட்கள் ஓர் அறையில் நால்வர் படுப்பவர்கள், பத்து மைல் தள்ளி மலிவான விடுதியைத் தேடிப் போகிறவர்கள். மருத்துவ மாநாட்டின் கணக்கை இவர்கள்மேல் போடக் கூடாது.

கேள்வி: மார்ச் மாதம்தான் என்று ஏன் பிடிவாதம்?

சரக்கு செய்யப்படும் வேகம் அப்படி. அசையும் பொம்மைகளும் சிலிக்கோன் முகமூடிகளும் ஆர்டரின் பேரில் செய்யப்படுபவை, மாதக்கணக்கில் ஆகும். வசந்தத்தில் ஆர்டர் தந்தால் கோடையில் வரும், ஆகஸ்டில் பொருத்தலாம், செப்டம்பர் கடைசியில் கதவு திறக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மார்ச்சில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் நடக்கும். இண்டியானாபோலிஸ் போன்ற ஊர் மற்ற எல்லா வகையிலும் பொருத்தமானது. ஐந்தரை லட்சம் சதுர அடிக்கு மேல் கூடம், வெளியே இறங்காமலேயே ஹோட்டலுக்குப் போகும் மேம்பாலங்கள். ஆனால் போட்டி வாரம் என்றால் அங்கே நமக்கு ஓர் அறையும் மிஞ்சாது.

கேள்வி: உள்ளூரில் நல்ல பேய்வீடு இருக்க வேண்டும் என்பது அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு ஊர்கள் சமமாக நின்றால் அதுவே முடிவு செய்யும். வெளியூர்க்காரர்கள் மாலையில் ஒரு முழு பேய்வீட்டைப் பணியாளர்களோடு நடந்து பார்ப்பதும், விளக்கைப் போட்டுவிட்டுச் சுவர்களுக்குப் பின்னால் போய்க் குழாய்களையும் கம்பிகளையும் ஆராய்வதும் ஸ்டாலில் கிடைக்காத பாடம். செயின்ட் லூயிஸில் தி டார்க்னஸ் என்ற பேய்வீடு இருப்பது அந்த ஊருக்குப் பெரிய பலம். உள்ளூர் உரிமையாளர் பருவமில்லாத மாதத்தில் நடிகர்களைத் திரட்டிக் கதவு திறக்க மனம் வைப்பாரா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கொரு ஊர் என்று சுழற்றினால் எல்லாப் பகுதிக்கும் நியாயம் கிடைக்குமே?

நியாயம் கிடைக்கும், கண்காட்சி மெலியும். ஒவ்வோர் ஊரிலும் தீயணைப்பு அதிகாரிக்கு நம் தொழிலை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டுத் தங்கினால் இரண்டாம் ஆண்டே அவர் நம் மொழியில் பேசத் தொடங்குவார்.

கேள்வி: கடைசியாக ஒன்று. இரண்டு நகரங்களுக்கு நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம். சுற்றிக்காட்டுபவர்கள் காட்டாத எதைப் பார்க்க வேண்டும்?

சரக்கு இறக்கும் தளத்துக்குப் போய்க் கதவின் உயரத்தை அளந்து பாருங்கள். பொம்மைகளை அசைக்கும் அழுத்தக் காற்றுக்கான இணைப்பு தரையிலிருந்து கிடைக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு கம்ப்ரசர் உறுமும், யாரும் யாரோடும் பேச முடியாது. பிறகு கூடத்தின் நடுவில் நின்று, விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். பாதியை மட்டும் அணைக்க முடிகிறதா, முழுக் கூடமும் ஒரே சுவிட்சில்தானா என்பது அப்போது தெரியும். மறுபடி போடச் சொல்லுங்கள். எல்இடி என்றால் உடனே எரியும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளாக இருந்தால் ஆறி மீண்டும் எரியப் பத்து நிமிடங்களுக்கு மேலாகும், அத்தகைய கூடத்தில் எந்த அதிகாரியும் நம்மை இருட்டில் விட மாட்டார்.